எதற்குப் பின் எது?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 47ஐ 68ஆல் பெருக்க வேண்டும். தாள் கூடாது, பென்சில் கூடாது, விரலால் காற்றில் எழுதுவதும் கூடாது.

ஏழெட்டு ஐம்பத்தாறு. 6ஐப் போட்டு 5ஐக் கையில் வைத்துக்கொள்கிறோம். நாலெட்டு முப்பத்திரண்டு, கையில் உள்ள ஐந்தும் சேர்ந்து 37. ஆக 376. இதை மனத்தின் ஒரு மூலையில் பத்திரமாக வைத்துவிட்டு, அடுத்து 47ஐ 6ஆல் பெருக்குகிறோம். 282 வருகிறது, ஓர் இடம் தள்ளினால் 2820. இனிக் கூட்ட வேண்டியதுதான். ஆனால் மூலையில் வைத்த எண்ணைத் தேடிப் போனால், அது 376ஆ, 367ஆ என்ற ஐயம் வந்துவிடுகிறது! (விடை 3196.)

இதே கணக்கைத் தாளும் பென்சிலும் கொடுத்தால் ஐந்தாம் வகுப்புச் சிறுமி தடுமாறாமல் போட்டுவிடுவாள். தாளுக்குப் பெருக்கல் தெரியாது. கிடைத்த எண்களைத் தொலைக்காமல், அவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருப்பது ஒன்றே அது செய்த உதவி. ஆனால் அந்த உதவி சிறியதன்று.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1956இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரே நேரத்தில் நம் உடனடி நினைவில் நிற்கக்கூடியவை ஏறத்தாழ ஏழு செய்திகள்தாம் என்பது அதன் சாரம். பின்னர் 2001இல் நெல்சன் கோவன் என்பவர், பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, அந்த எண்ணிக்கை நான்கு அளவில்தான் இருக்கும் என்றார். ஏழோ நான்கோ, மிகச் சிறிய பலகை அது! பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு வேலையையோ, பத்துக் கருத்துகள் பின்னிக் கிடக்கும் ஒரு பாடத்தையோ அந்தப் பலகையில் எழுதிவிட முடியாது. எனவேதான் மனிதன் மணலிலும் சுவரிலும் தாளிலும் படம் போடக் கற்றுக்கொண்டான்.

படம் என்றவுடன் மயிலையும் மலையையும் எண்ண வேண்டாம். பெட்டிகள், வட்டங்கள், அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள் ஆகியவற்றால் ஆன படங்களைப் பற்றியே இங்கே பேசப் போகிறோம். ஓவியம் வரத் தெரியாதவரும் இவற்றைப் போடலாம். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள். அழிப்பான் கட்டாயம் வேண்டும்.

முதலில் இயற்பியலில் இருந்தே ஓர் எடுத்துக்காட்டு. வழவழப்பான மேசை மீது 3 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கட்டை இருக்கிறது. அதில் கட்டிய கயிறு மேசை விளிம்பிலுள்ள கப்பியின் மேலாகச் சென்று கீழே தொங்குகிறது. தொங்கும் நுனியில் 2 கிலோகிராம் எடைக்கல். கட்டையை விட்டுவிட்டால் என்ன முடுக்கத்துடன் நகரும்? கயிற்றின் இழுவிசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கின் வசதிக்காக 10 என்று கொள்வோம். கயிற்றின் எடையையும் கப்பியின் உராய்வையும் விட்டுவிடலாம்.

எடைக்கல்லின் எடை 20 நியூட்டன். எனவே கயிற்றின் இழுவிசையும் 20 நியூட்டன் என்று உடனே எழுதிவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் தவறு என்று சொல்வதைவிட, எடைக்கல்லை மட்டும் தனியே ஒரு சிறு பெட்டியாக வரைந்து, அதன் மீது செயற்படும் விசைகளை அம்புகளாகக் குறிக்கச் சொல்வது நல்லது. கீழ்நோக்கி ஓர் அம்பு, 20. கயிறு இழுப்பதால் மேல்நோக்கி ஓர் அம்பு. அதற்கும் 20 என்று எழுதியவுடனே மாணவரின் பென்சில் தயங்கும். மேலும் 20, கீழும் 20 என்றால் விசைகள் சமன்பட்டுவிடுமே. கல் எப்படிக் கீழே விரைந்து செல்லும்? ஆக, மேல்நோக்கிய அம்பு குட்டையாகத்தான் இருக்க வேண்டும். மொத்த நிறை 5 கிலோகிராம், அதை இழுப்பது 20 நியூட்டன், முடுக்கம் 4. மேசை மீதுள்ள கட்டைக்குத் தனியே ஒரு பெட்டி போட்டால், அதைப் பக்கவாட்டில் இழுப்பது கயிறு மட்டுமே: 3ஐ 4ஆல் பெருக்க 12 நியூட்டன். எடைக்கல்லுக்குத் திரும்பினால், 20இல் 12 போக 8. அது 2ஐ 4ஆல் பெருக்கினால் வருவதே. எல்லாம் பொருந்திவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாக்கியங்களில் சொன்ன செய்திக்கு மேலாக ஒரு புதுச் செய்திகூடப் படத்தில் இல்லை. பின் ஏன் படத்தில் தவறு பளிச்சென்று தெரிகிறது? ஜில் லார்க்கின், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1987இல் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, கப்பிக் கணக்கு ஒன்றை வைத்தே ஆராய்ந்தார்கள். (இவருள் சைமன் 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.) வாக்கியங்களாக எழுதிய விவரத்தில், ஒரே பொருளைப் பற்றிய செய்திகள் முதல் வரியில் ஒன்றும் ஏழாம் வரியில் ஒன்றுமாகச் சிதறிக் கிடக்கும். தேவைப்படும்போதெல்லாம் மனம் அவற்றைத் தேடி அலைய வேண்டும். படத்திலோ சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய செய்திகள் அருகருகே அமைந்துவிடுகின்றன. தேடும் வேலை மிச்சமாகிறது. அது மிச்சமானால், சிந்திக்க இடம் கிடைக்கிறது.

இனி வேலைகளின் வரிசைக்கு வருவோம்.

உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இரண்டு லென்சுகளைக் கொண்டு ஓர் எளிய தொலைநோக்கியைத் தாங்கியோடு செய்து வைக்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். என்னென்ன வேலைகள் உள்ளன? முதலில் திட்டமிட்டு அளவுப்படம் வரைய வேண்டும்: 2 நாள். லென்சு முதலிய பொருள்களை நகரத்திலிருந்து வாங்கி வர 5 நாள். தச்சரிடம் மரத் தாங்கி செய்ய 3 நாள். பார்வையாளர்களுக்கான விளக்க அட்டைகள் எழுத 4 நாள். தொலைநோக்கியைப் பொருத்த 2 நாள். சோதித்துச் சரிசெய்ய 3 நாள். கருவியை வைத்துக்கொண்டு, அட்டைகளைக் காட்டி விளக்கிப் பேசப் பழக 2 நாள். எல்லாவற்றையும் கூட்டினால் 21 நாள். கண்காட்சிக்கோ சரியாக இரண்டு வாரம்தான் இருக்கிறது! திட்டத்தைக் கைவிட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி போடுங்கள். பெட்டிக்குள் வேலையின் பெயரையும் நாள் கணக்கையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதைத் தொடங்குவதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்?’ அந்த வேலையிலிருந்து இதற்கு ஓர் அம்பு போடுங்கள்.

அளவுப்படம் இடக்கோடியில் வரும். அதற்கு முன் எதுவும் இல்லை. லென்சு வாங்குவதற்கும், தச்சருக்கும், அட்டைகளுக்கும் அளவுப்படத்திலிருந்து மூன்று அம்புகள் பிரியும். பொருத்தும் வேலைக்கு லென்சும் வேண்டும், தாங்கியும் வேண்டும். ஆகவே இரண்டு அம்புகள் அங்கே வந்து சேரும். பொருத்துதலிலிருந்து சோதித்தலுக்கு ஓர் அம்பு. பேச்சுப் பயிற்சிக்குச் சோதித்தலிலிருந்து ஒன்றும், அட்டைகளிலிருந்து ஒன்றும் வந்து சேரும். அங்கே முடிகிறது.

தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குச் செல்ல மூன்று வழிகள் இருக்கின்றன. லென்சின் வழியே போனால் 2, 5, 2, 3, 2. மொத்தம் 14 நாள். தச்சரின் வழியே போனால் 12. அட்டைகளின் வழியே போனால் 8. இம்மூன்றில் நீளமான வழி எதுவோ அதுதான் முழு வேலைக்கும் ஆகும் காலம். சிறியதன்று, பெரியது! ஏனெனில் எல்லா வழிகளும் முடிந்தால்தான் வேலை முடியும். ஆக 14 நாள். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

இந்த நீண்ட வழிக்கு ஆங்கிலத்தில் ‘கிரிட்டிகல் பாத்’ என்று பெயர். நாம் நெருக்கடிப் பாதை என்போம். இதன் மேல் உள்ள எந்த வேலை ஒரு நாள் தாமதமானாலும் கண்காட்சியன்று உங்கள் மேசை காலியாக இருக்கும். மற்ற வேலைகளுக்கு அப்படியில்லை. தச்சர் இரண்டு நாள் இழுத்தடித்தாலும் கேடில்லை. லென்சு வந்து சேரவே அவ்வளவு நாள் ஆகிறது. அட்டைகளுக்கோ ஆறு நாள் தளர்வு இருக்கிறது. இரண்டாம் நாள் முடிவில் தொடங்கக்கூடிய அந்த நாலு நாள் வேலை, பன்னிரண்டாம் நாள் முடிவில் தயாராக இருந்தால் போதும். வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? வண்ண மையும் வரைகோலும் எடுத்து முதல் நாளே அட்டை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். லென்சுக்கு ஆள் அனுப்புவது ஒரு வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது!

இன்னும் இரண்டு செய்திகளைப் படத்திலிருந்து கறக்கலாம். அண்டை ஊரில் உறவினர் ஒருவர் இருக்கிறார். அவர் முயன்றால் லென்சு 5 நாளுக்குப் பதில் 2 நாளிலேயே வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் மிச்சம் என்று மகிழ வேண்டாம். லென்சு வழி 11 நாளாகக் குறைந்தாலும் தச்சர் வழி 12 நாளாகவே நிற்கிறது. எனவே மிச்சம் இரண்டு நாள்தான். நெருக்கடி இப்போது தச்சரிடம் மாறிவிட்டது. இரண்டாவது, எத்தனை பேர் வேண்டும் என்பது. ஒருவரே எல்லாம் செய்தால் 21 நாள். இரண்டு பேர் இருந்தால்? ஒருவர் நெருக்கடிப் பாதை முழுவதையும் கவனித்துக்கொள்ளலாம். மற்றவர் முதலில் தச்சரிடம் போய்த் தாங்கியை முடித்து, பிறகு அட்டைகளை எழுதினாலும் ஒன்பதாம் நாளே முடித்துவிடுவார். ஆக, இருவர் போதும், 14 நாளில் முடியும். வகுப்பு முழுவதும் திரண்டு வந்தாலும் 14 என்பது 13 ஆகாது. கூட்டம் சேர்ந்தால் வேலை விரைவாக முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை ஏழு பெட்டிகள் சொல்லிவிடுகின்றன.

இந்த முறை பிறந்தது விளையாட்டுக்காக அல்ல. 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கர், ரெமிங்டன் ராண்ட் என்ற கணிப்பொறி நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லி ஆகிய இருவரும் தொழிற்சாலைப் பணிகளைத் திட்டமிட இதை உருவாக்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற இதன் உடன்பிறப்பைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் கொண்ட வலைப்பின்னலில் நீண்ட வழியைக் கையால் தேட முடியாது. அப்போது வளர்ந்து வந்த கணிப்பொறி அதற்குக் கைகொடுத்தது. இன்றும் அணை, மேம்பாலம், செயற்கைக்கோள் என எதைக் கட்டினாலும் இந்தக் கணக்கு எங்கேனும் ஓர் அலுவலகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

படத்தில் காலத்தையே ஓர் அச்சாக வைத்துவிட்டால் இன்னொரு வகைப் படம் கிடைக்கிறது. உங்கள் பாடநூலில் உள்ள தொலைவு–காலம் வரைபடம்தான் அது. தேர்வுக்கு அப்பால் இதற்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, இரயில்வேயில் பல ஆயிரம் உயிர்கள் இதை நம்பியிருந்தன என்று சொல்வேன்.

ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் இடையே 60 கி.மீ. இடையில், மேற்கிலிருந்து 20 கி.மீ. தொலைவில் ஒரு நிலையமும், 30 கி.மீ. தொலைவில் இன்னொரு நிலையமும் உள்ளன. இந்த இரு நிலையங்களில் மட்டுமே வண்டி ஒதுங்கி நிற்க ‘லூப்’ பாதை உண்டு. காலை 6 மணிக்கு மேற்கிலிருந்து ஒரு சாதாரண வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அதே 6 மணிக்குக் கிழக்கிலிருந்து ஒரு விரைவு வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது.

படுக்கை அச்சில் நேரம், நிமிர்ந்த அச்சில் தொலைவு. மேற்கு வண்டிக்கு ஏறுகின்ற கோடு. கிழக்கு வண்டிக்கு இறங்குகின்ற, சற்றுச் செங்குத்தான கோடு. இரண்டும் 6 மணி 36 நிமிடத்தில், மேற்கிலிருந்து 24ஆவது கி.மீட்டரில் வெட்டிக்கொள்கின்றன. அங்கே நிலையம் இல்லை. நிலையமில்லாத இடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் அதன் பொருள் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒரு வண்டியை நிறுத்தி, வெட்டுமிடத்தை ஒரு நிலையத்துக்குத் தள்ள வேண்டும். சாதாரண வண்டியை 20ஆவது கி.மீ. நிலையத்தில் ஒதுக்கினால், அது 6.30க்கு வந்து சேரும். விரைவு வண்டி 6.40க்கு அங்கே கடக்கும். பத்து நிமிடக் காத்திருப்பு. மாறாக, விரைவு வண்டியை 30ஆவது கி.மீ. நிலையத்தில் ஒதுக்கினால், அது 6.30க்கு வந்துவிடும், சாதாரண வண்டி 6.45க்குத்தான் வரும். பதினைந்து நிமிடக் காத்திருப்பு. வண்டி நிற்கும்போது காலம் மட்டும் நகர்கிறது, தொலைவு மாறுவதில்லை. ஆகவே படத்தில் அது படுக்கைக் கோடாகத் தெரியும். ஒரு பார்வையிலேயே எந்தப் படுக்கைக் கோடு குட்டை என்று கண்டு முதல் ஏற்பாட்டைத் தேர்ந்துவிடலாம். நடு வழியில் வண்டி ஏன் நிற்கிறது என்று ஜன்னலில் தலையை நீட்டிப் பார்ப்பவர்களுக்கு, எங்கோ ஒரு தாளில் இரண்டு கோடுகள் சேர வேண்டிய இடம் அது என்பது தெரிவதில்லை.

பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய வண்டிகளுக்கு இப்ரி என்ற பொறியாளர் வரைந்த இத்தகைய படத்தை, பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் நூலில் வெளியிட்டார். நாடித் துடிப்பையும் பறவையின் சிறகசைவையும் கோடுகளாகப் பதிந்து ஆராய்ந்தவர் அவர். இரயில் வண்டியின் நாடியும் அவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. நம் நாட்டு இரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளில் பல்லாண்டுக் காலம், பெரிய கட்டத்தாள்களில் பென்சிலால் ஒவ்வொரு வண்டியின் கோட்டையும் வரைந்துகொண்டே வருவார்கள். இப்போது அந்தக் கோடுகளைக் கணிப்பொறித் திரையில் காண்கிறார்கள். கோடு மாறவில்லை, பென்சில்தான் மாறிற்று.

மேலே கண்ட இரு வகைகளிலும் வேலை ஒரே திசையில் ஓடுகிறது. நடுவில் ‘இப்படியானால் இதைச் செய், அப்படியானால் அதைச் செய்’ என்ற பிரிவு வந்தால் பாய்வுப் படம் தேவைப்படும். ஃபிராங்க் கில்பிரெத், அவர் மனைவி லிலியன் இருவரும் வேலைகளின் படிகளைக் குறியீடுகளால் வரையும் முறையை 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் எடுத்துரைத்தார்கள். ஃபிராங்க் இளமையில் செங்கல் அடுக்கும் கொத்து வேலை பார்த்தவர். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் செய்த 18 அசைவுகளை ஐந்தளவுக்குக் குறைத்துக் காட்டியவர்! கல்லும் கலவையும் குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கும்படி சாரத்தை அமைத்தது அவர் செய்த மாற்றங்களுள் ஒன்று. பின்னர் 1947இல் ஜான் வான் நாய்மனும் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் கணிப்பொறிக்குக் கணக்கைத் தயாரித்துக் கொடுப்பதற்குப் பாய்வுப் படத்தைப் பயன்படுத்தினார்கள்.

இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் யூக்ளிடின் முறையை வரைந்து பாருங்கள். முதல் பெட்டி: பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகு. அடுத்து ஒரு சாய்சதுரம். அதற்குள் ‘மீதி சுழியா?’ என்ற கேள்வி. ‘ஆம்’ என்ற அம்பு, ‘சிறிய எண்ணே விடை’ என்ற பெட்டிக்குச் செல்லும். ‘இல்லை’ என்ற அம்பு, ‘சிறிய எண்ணைப் பெரிய எண்ணின் இடத்தில் வை, மீதியைச் சிறிய எண்ணின் இடத்தில் வை’ என்ற பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து வளைந்து மேலே முதல் பெட்டிக்கே திரும்பும். 84, 36 ஆகியவற்றை உள்ளே விட்டால் முதல் சுற்றில் மீதி 12. இரண்டாம் சுற்றில் 36ஐ 12ஆல் வகுக்க மீதி சுழி. விடை 12.

திரும்பி வரும் அம்பைக் கண்டால் எப்போதும் சற்று ஐயத்தோடு பாருங்கள். அது ஒரு நாள் நிற்குமா, செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருக்குமா? இங்கே மீதி, வகுக்கும் எண்ணைவிடச் சிறியது. எனவே ஒவ்வொரு சுற்றிலும் அது குறைந்துகொண்டே போய்ச் சுழியைத் தொட்டே தீரும். சாய்சதுரத்திலிருந்து ஒரே ஓர் அம்பு புறப்பட்டால், மற்ற விடை வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று பொருள். பெரிய கணிப்பொறி நிரல்களுக்குப் பாய்வுப் படம் வரைவது பின்னாளில் குறைந்துபோனது உண்மை. பக்கம் பக்கமாக நீளும் படம் யாருக்கும் உதவாது. ஆய்வுக்கூடத்து உப்புப் பகுப்பாய்வு, மின்சுற்றில் பழுது தேடுதல் போன்ற, ஒரு பக்கத்தில் அடங்கும் வேலைகளுக்கு இதற்கு நிகர் இதுவே.

வேலைகளுக்குச் சரி, கருத்துகளுக்கு? கருத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதில்லை. அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடக்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் என்பவரும் அவர் குழுவினரும் 1970களில், குழந்தைகளின் அறிவியல் அறிவு எவ்வாறு வளர்கிறது என்று ஆராயும்போது ஒரு முறையைக் கண்டார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வட்டம். வட்டங்களுக்கு இடையே அம்பு. அவ்வளவுதானா என்றால், இல்லை. ஒவ்வொரு அம்பின் மீதும் ஒரு சொல் எழுத வேண்டும். வட்டம், அம்பு, வட்டம் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும்.

இந்தச் சிறு நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வெப்பம்’, ‘வெப்பநிலை’ என்று இரு வட்டம் போட்டு, இடையே ஒரு கோடு இழுப்பது எவராலும் முடியும். கோட்டின் மீது என்ன எழுதுவது? பலர் ‘உயர்த்தும்’ என்று எழுதுகிறார்கள். ‘வெப்பம் வெப்பநிலையை உயர்த்தும்.’ படிக்கச் சரியாகத்தான் தோன்றுகிறது. இப்போது ‘பனிக்கட்டி உருகுதல்’ என்று மூன்றாவது வட்டம் போடுங்கள். சுழி டிகிரி செல்சியசில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி அதே சுழி டிகிரி நீராக மாற ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. அவ்வளவு வெப்பம் உள்ளே போயும் வெப்பமானி ஒரு கோடுகூட ஏறுவதில்லை! முதலில் எழுதிய சொல்லை இப்போது அழிக்க வேண்டும். வெப்பத்திலிருந்து இரண்டு அம்புகள் புறப்பட வேண்டும். ஒன்று, நிலை மாறாதபோது வெப்பநிலையை உயர்த்துவது. மற்றொன்று, நிலை மாறும்போது மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்தப் பயன்படுவது. அழிப்பான் கட்டாயம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

கடைகளில் விற்கும் உரைநூல்களில் இத்தகைய படங்கள் வண்ணத்தில் அச்சாகி வருகின்றன. அவற்றை அப்படியே நோட்டில் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வதால் ஒரு பயனும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிறர் போட்ட அம்பின் மீது உள்ள சொல், அவர் பட்ட ஐயத்தின் விடை. அந்த ஐயம் உங்களுக்கு வராத வரை விடையும் உங்களுடையது ஆகாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து வரைந்து, பிறகு திறந்து ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த அம்பின் மேல் சொல் எழுத முடியவில்லையோ அங்கேதான் படிக்க வேண்டியது இருக்கிறது. பாடம் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் இது சிறிய உதவியா?

ஒரு படத்தை நீங்களே முயன்று பாருங்கள். நிறை, எடை, புவியீர்ப்பு, முடுக்கம், மிதத்தல் என ஐந்து வட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நிறைக்கும் எடைக்கும் இடையிலுள்ள அம்பு எளிது. ‘மிதத்தல்’ என்பது விண்வெளி நிலையத்தினுள் வீரர் மிதப்பது. அங்கே புவியீர்ப்பு இல்லை என்று பலர் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த நிலையம் சுற்றிவரும் 400 கி.மீ. உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைந்த அளவு இருக்கத்தான் செய்கிறது. அப்படியானால் ‘மிதத்தல்’ வட்டத்துக்கு அம்பு எங்கிருந்து வர வேண்டும், அதன் மேல் என்ன சொல் எழுத வேண்டும்?